ஊருணிக்கு வேலி போட்டால் மட்டும் போதுமா? செட்டிநாட்டில் குழந்தைகளுக்கு நேரும் விபத்துகள் பற்றி

பள்ளத்தூர் மருமகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு காரியத்தை முடிக்க வேண்டும். அதற்கு உங்கள் யோசனை தேவை.

எங்கள் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். போன மழைக்காலத்தில் அங்கே ஊருணியில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று மூழ்கி இறந்துவிட்டது. துக்கம் கேட்கப் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "தாய்க்காரி என்ன செய்துகொண்டிருந்தாள்?" அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை தூளியில் அழுதுகொண்டிருந்தது. மாமியார் ரேஷன் கடை வரிசையில் நின்றார். கணவருக்குத் திருப்பூரில் வேலை. வீட்டு வாசலுக்கும் ஊருணிப் படிக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்கூடக் கிடையாது.

பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லாதவர்கள் யாருமில்லை. உடன் இருந்து பார்க்க ஒரு ஆள் கொடுத்தவர்களும் யாருமில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

எங்கள் மகளிர் குழுவில் பேசி, அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு ஊருணியைச் சுற்றி வேலி வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. அது போதுமா? வேறு என்ன கேட்கலாம்? செலவு குறைவாக இருந்தால்தான் நடக்கும்.

வார்டு அக்கா

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். மனுவில் போட உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2021-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். இதற்கு முன்பே, 2008-இல் அந்த அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து ஒரு அறிக்கை கொடுத்தன. சாலை விபத்து, நீர், தீ, விழுதல், விஷம் என்று எல்லாத் தற்செயல் விபத்துகளையும் கூட்டினால் ஆண்டுக்கு 8 லட்சத்து 30 ஆயிரம் குழந்தைகள் சாகிறார்கள் என்றது அது. நாம் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதே இல்லை. "விதி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

நீரில் மூழ்கும் சின்னப் பிள்ளை சினிமாவில் வருவது மாதிரி கத்தாது, கையை ஆட்டாது. மூச்சு எடுக்கவே முடியாதபோது கத்துவது எங்கே? இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தவழ்ந்து நடக்கிற வயதுப் பிள்ளைக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. அதற்குக் கால்வாளித் தண்ணீரே போதும். ஆகவே ஊருணிக்கு மட்டும் வேலி போட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்கும் அண்டா, தரையோடு இருக்கும் தொட்டி, மாட்டுத்தொட்டி இவற்றை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பெண்ணை யாராவது குறை சொன்னால் என் சார்பில் சொல்லுங்கள்: நான் வார்டில் பார்த்த தாய்மார்களில் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவள் என்று ஒருத்தியைக்கூட என்னால் காட்ட முடியாது.

கண்மாய்க்கரைப் பெரியவர்

ஆத்தா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஊருணிக்கு வேலி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊருணி ஊருக்குப் பொது. ஆடு மாடு தண்ணீர் குடிக்க வேண்டும், முளைப்பாரி கரைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். நாங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரில் குதித்துக் குதித்து வளர்ந்தவர்கள். வேலி போட்டால் பிள்ளைகளுக்கு நீச்சலே தெரியாமல் போகும். அப்புறம் பெரியவனாகிக் கண்மாயில் விழுந்தால் யார் தூக்குவது?

கோட்டையூர் வாத்தியார்

பெரியவர் ஐயாவுக்கு வணக்கம். நீச்சல் பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். வேலி விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை.

நம் ஊர்களில் பழைய குடிநீர் ஊருணிகளை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் செம்புராங்கல் சுவர், படித்துறைப் பக்கம் மட்டும் வாசல். மாடு இறங்கித் தண்ணீரைக் கெடுக்காமல் இருக்க நம் முன்னோர் கட்டியது. குளிக்க ஒரு ஊருணி, குடிக்க ஒரு ஊருணி என்று பிரித்து, குடிக்கிற ஊருணிக்குள் கால் வைக்கவே விடமாட்டார்கள். சுவர் கட்டுவது நமக்குப் புதிதில்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு ஊருணியைப் பார்க்க ஆளில்லை, சுவர் இடிந்தது, கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்ததைத் திரும்பக் கட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் காலத்தில் நம் பெரிய வீடுகளின் வளவுக்குள், அதாவது உள் முற்றத்தைச் சுற்றிய கட்டுக்குள், எத்தனை பேர் இருந்தார்கள்? முகப்பில் அப்பச்சி, பட்டாலையில் யாராவது ஒரு பெரியம்மா, இரண்டாம் கட்டில் வேலையாட்கள். பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு கண் பட்டுவிடும். இன்றைக்கு அந்த வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளையோடு இருப்பது ஒற்றைத் தாய். அந்தக் கண்களுக்குப் பதிலாக எதை வைக்கப்போகிறோம் என்றுதான் யோசிக்க வேண்டும்.

டாக்காவில் இருந்தவன்

வாத்தியார் கேட்டதற்கு வங்கதேசத்தில் ஒரு பதில் இருக்கிறது. நான் காரைக்குடிக்காரன். ஆடை ஏற்றுமதி வேலையாக டாக்காவில் சில ஆண்டுகள் இருந்தேன். அந்த நாடு முழுக்கவே குளம்தான். வீட்டுக்கு ஒரு குளம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் வீடு கட்ட மேடாக்குவதற்கு மண் வெட்டிய இடமெல்லாம் குளமாகிவிடுகிறது. அத்தனைக்கும் வேலி போட எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

அங்கே விபத்துத் தடுப்பு ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் எப்போது, எங்கே மூழ்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள். பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்திலேயே. அம்மா சமையலில் இருக்கிற நேரம், அப்பா வயலில், அண்ணன் அக்கா பள்ளியில். தங்கச்சி எழுதிய கதையும் அச்சு அசல் அதுதான்.

அதனால் அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் வீட்டில் காப்பகம் வைத்தார்கள். அதன் பெயர் "ஆஞ்சல்". வங்காளிகள் சேலை முந்தானையை அப்படிச் சொல்வார்கள். பயிற்சி பெற்ற ஒரு பெண், அவருக்கு ஒரு உதவியாள், ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 25 பிள்ளைகள். பாட்டு, விளையாட்டு, கதவுக்கு ஒரு தடுப்பு. பெரிய கட்டடமும் இல்லை, விலை உயர்ந்த சாமானும் இல்லை. அங்கே வந்த பிள்ளைகள் நீரில் மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2022-இல் அந்த நாட்டு அரசாங்கமே 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்கள் தொடங்க ஒப்புதல் கொடுத்தது.

நீச்சலை அவர்கள் விட்டுவிடவில்லை, பெரியவர் ஐயா. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஊர்க் குளத்திலேயே மூங்கில் கட்டி, கீழே மூங்கில் தளம் போட்டு, ஆழம் தெரியாமல் நழுவாதபடி செய்து சொல்லிக்கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், தண்ணீருக்குள் இறங்காமல் அடுத்தவனைக் கம்பு நீட்டிக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அதுவரைக்கும் பயிற்சி. ஆகவே வேலியா நீச்சலா என்று சண்டை போட வேண்டியதில்லை. மூன்று வயதுக்குக் காப்பகமும் வேலியும், ஏழு வயதுக்கு நீச்சல்.

கண்மாய்க்கரைப் பெரியவர்

தம்பி சொன்ன மூங்கில் தளம் நல்ல யோசனை. நம் ஊருணியில் படித்துறைப் பக்கம் கோடையில் இடுப்பளவுதான் தண்ணீர் நிற்கும். பங்குனி, சித்திரையில் செய்யலாம். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். வாசல் வைத்த வேலி என்றால் எனக்கும் மறுப்பில்லை. மாட்டுக்குத் தனியாகத் தொட்டி கட்டிவிடுங்கள்.

அங்கன்வாடி டீச்சர்

டாக்கா அண்ணன் எழுதியதைப் படித்ததும் மனது வலித்தது. நம்மிடம் அது இல்லாமல் இல்லை. குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-லிருந்து இருக்கிறது, ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது, அதே காலை நேரத்தில்தான் நடக்கிறது. பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதைவிட என்னிடம் அனுப்பினாலே பாதி ஆபத்து விலகும். ஆனால் முன்பருவக் கல்வி என்று மையத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு வயது முடிந்தவர்கள்தான். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை நடக்கப் பழகும் பிள்ளை, எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிற பிள்ளை, சத்துமாவு மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறது. ஆபத்து அதிகமான வயதே அதுதான்.

எனக்குச் சமைக்கவும் துடைக்கவும் உதவியாளர் ஒருவர். அவர் அடுப்படியில் நிற்கும்போது நான் பதிவேடு எழுத வேண்டியிருக்கும். மகளிர் குழுவிலிருந்து முறை வைத்து ஒருவர் காலையில் மையத்துக்கு வந்து உட்கார்ந்தால் அந்தச் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியும். மனுவில் இதையும் எழுதுங்கள். மையத்துக்குச் சுற்றுச்சுவரும் கதவும் இல்லாத ஊர் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

நூறுநாள் வேலைக்காரி மகள்

எங்கள் அம்மா நூறுநாள் வேலைக்குப் போனவர். வேலை பெரும்பாலும் எங்கே நடக்கும்? கண்மாய் தூர்வாருவது, வரத்துக்கால் வெட்டுவது, ஊருணி ஆழப்படுத்துவது. அதாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கே போக வேண்டும்.

2005-இல் வந்த அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு விதி இருந்தது. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும், அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலி. நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் வைக்க வேண்டும். நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் இது எனக்கே தெரிந்தது. அம்மாவுக்குச் சொன்னேன், பணித்தளத்தில் கேட்டார்கள், ஒரு பாட்டியம்மாவை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். கேட்டதால் நடந்தது. புதிய வேலை எந்தப் பெயரில் வந்தாலும், எந்த அதிகாரி வந்தாலும், கிராம சபையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

வார்டு அக்கா

இந்தப் பிள்ளை எழுதியதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மிக முக்கியம்.

தேவகோட்டை பட்டறை

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வேலி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே, அதைச் சொல்கிறேன்.

குறுக்குக் கம்பி வைத்த கிரில் போடவே கூடாது. பிள்ளைக்கு அது ஏணி. நேர்க் கம்பிதான் வேண்டும், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு அங்குலத்துக்குமேல் சந்து இருக்கக் கூடாது, தலை நுழைந்துவிடும். உயரம் குறைந்தது நாலு அடி. கதவு ஊருணிக்கு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், ஸ்பிரிங் கீல் போட்டால் விட்டதும் தானே சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் பெரியவர்கள் நெஞ்சு உயரத்தில். கதவுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிற மாதிரி துவைக்கிற கல்லோ திண்டோ இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். முள்கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு மாதத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் வளைத்து வழி பண்ணிவிடுவார்கள்.

ஊருணியைவிட எனக்கு அதிகம் பயம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்கட்டுக் கிணறுகள். கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கும், மேலே கொடி படர்ந்து கிணறு இருப்பதே தெரியாது. கொய்யாப்பழத்துக்கும் பந்துக்கும் பிள்ளைகள் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். பலகை வைத்து மூடினால் ஒரு மழையில் உளுத்துவிடும், அது இன்னும் மோசம், தரை என்று நம்பி மிதிப்பார்கள். கம்பி வலை அடித்து, நாலு பக்கமும் சிமென்டில் புதைத்து, நடுவில் பூட்டு வைத்த சின்னக் கதவு விட வேண்டும். வேலை ஒரு நாள்தான். அனுமதி வாங்குவதுதான் கஷ்டம். ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் போனை எடுக்கமாட்டார்.

கோட்டையூர் வாத்தியார்

பட்டறைத் தம்பி சொன்னதோடு கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது நாம் எல்லோரும் நாலு நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மூடாத ஆழ்துளைக் கிணறுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாக உத்தரவிட்டிருந்தது: தோண்டும்போது சுற்றி வேலி, அறிவிப்புப் பலகை, கைவிட்டால் அடியிலிருந்து தரை மட்டம் வரை மண், கல் போட்டு நிரப்ப வேண்டும். அந்தக் குழந்தை போன பிறகு ஒரு வாரம் ஊர் ஊராக மூடினோம். இப்போது மறுபடி எத்தனை திறந்து கிடக்கின்றன என்று வார்டு வாரியாகக் கணக்கெடுத்துக் கிராம சபையில் படித்தாலே போதும், யாருடைய தோட்டம் என்று ஊருக்கே தெரியும்.

கண்மாயில் சவுடு எடுத்த பள்ளங்களும் உண்டு. மழைக்குப் பிறகு எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்துவரும் பையன் அடுத்த எட்டில் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விடுவான். சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டு வைப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

காரைக்குடி பலகாரக்கடை

எல்லோரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். எங்கள் தொழிலில் பயம் எண்ணெய்ச் சட்டி. வீட்டிலேயே முறுக்கும் மனகோலமும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே அடுப்படிக்குத்தான் வரும். சட்டியைத் தரையில் வைக்காமல் செய்ய முடியுமா என்று நிறைய யோசித்திருக்கிறோம்.

வார்டு அக்கா

தரையடுப்பு இருக்கும்வரை ஆபத்து இருக்கும். செங்கல் வைத்து இடுப்பளவு மேடை கட்டுங்கள், சட்டிக் காது பிள்ளை பக்கம் நீட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். மேடை கட்டும்வரை அடுப்படி வாசலில் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு தட்டி வையுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பெரிய ஆபத்து விசேஷ வீடுகள். கல்யாணம், அறுபதுக்குச் செய்யும் சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் பின்கட்டில் கோட்டை அடுப்பு மூட்டி, சாம்பாரும் பாயசமும் கொதிக்கக் கொதிக்க அண்டாவோடு தரையில் இறக்கி வைக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் ஓடிப் பிடித்து விளையாடும். பின்னால் நடந்து அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி மேலே எழுத மனமில்லை. சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: இரண்டு பெஞ்சைக் குறுக்கே போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டிப் பிள்ளை வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, மாவு, மஞ்சள் எதையும் பூசாதீர்கள், வார்டில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் பாடு பார்க்க முடியாது. துணி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மண்ணெண்ணெய், தின்னர், பினாயில், ஆசிட் எதையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுப்பது, விரலை விடுவது எல்லாம் தப்பு. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலுக்குள் போனால் செய்யும் கேடு அதிகம். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். காட்டாமணக்கு விதை தின்ற பிள்ளைகளையும் வருடா வருடம் கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம். பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் அந்தச் செடி நின்றால் பிடுங்கச் சொல்லுங்கள்.

டாக்காவில் இருந்தவன்

மண்ணெண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. இலங்கையில் விஜய கொடகும்புர என்று ஒரு அறுவை மருத்துவர். குப்பி விளக்கு கவிழ்ந்து வெந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து, கடைசியில் விளக்கையே மாற்றினார். குட்டையான, கனமான கண்ணாடி, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் சிந்தாத திருகு மூடி. விலை மிகக் குறைவு. 1998-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. ஏழைத் தாயிடம் கவனமாக இரு என்று சொல்வதற்குப் பதிலாக அவள் வீட்டுப் பொருளை மாற்றிக் கொடுத்தார். மனுவில் எதைக் கேட்டாலும் இந்த மாதிரிக் கேளுங்கள்.

ஆத்தங்குடி அப்பா

பைக்கில் பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துப் போகிறோமே, அதையும் நிறுத்த வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை பிள்ளைக்கும் தலைக்கவசம், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, வேகம் 40-க்குள். 2023 பிப்ரவரியிலிருந்து இது சட்டம். சின்ன அளவுத் தலைக்கவசம் காரைக்குடிக் கடைகளில் கேட்டால் வாங்கித் தருகிறார்கள்.

நூறுநாள் வேலைக்காரி மகள்

ஒரு சந்தேகம், வார்டு அக்கா. தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளையைத் தோளில் கவிழ்த்துப் போட்டுச் சுற்றுகிறார்களே, அது சரியா?

வார்டு அக்கா

கூடவே கூடாது அம்மா. தலைகீழாகப் பிடிப்பது, சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது எல்லாமே உயிர் போகிற நேரத்தை வீணாக்குவது. வயிற்றிலிருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் அடைக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கி, மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாற்றி மாற்றி, 108 வரும்வரை விடக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மையில் கை வைத்துப் பழக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு மகளிர் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள், நானும் வருகிறேன்.

நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. ஒரு பிள்ளை விழுந்து, தூக்கப் போன அக்காவும் அம்மாவும் சேர்ந்து போன வீடுகள் நம் மாவட்டத்திலேயே உண்டு. மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஊருணி வாசலில் தொங்கவிடுங்கள். அதைப் பிடித்து ஒரு பெரிய ஆள் மிதக்கலாம்.

பள்ளத்தூர் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் உட்கார்ந்து மனுவைத் திருத்தி எழுதினோம். வாசல் வைத்த வேலி, மாட்டுத் தொட்டி, அங்கன்வாடிக்குக் காலை நேரத்தில் முறை வைத்து ஒரு ஆள், வேலைத்தளத்தில் பிள்ளை பார்க்க ஒருவர், ஆழ்துளைக் கிணறு கணக்கெடுப்பு. கிராம சபை வரை காத்திருக்காமல் குடமும் கயிறும் இந்த வாரமே கட்டிவிடுகிறோம்.

பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணிடமும் பேசினேன். அங்கன்வாடி முறைக்குத் தன் பெயரை முதலில் எழுதச் சொன்னாள்.

பட்டறைத் தம்பி, எங்கள் தெருவிலேயே அந்த மாதிரி ஒரு கிணறு இருக்கிறது. வீடு நாலு பங்காளிகளுக்குச் சொந்தம். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள். நாலாவது குடும்பம் மலேசியாவில் ஈப்போவில் இருக்கிறது, எண் கிடைக்கவில்லை.

கோட்டையூர் வாத்தியார்

நம் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ ஆட்கள் வந்திருந்தார்கள். விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கோவில் வழியாக விசாரித்து நான் பேசுகிறேன்.

தேவகோட்டை பட்டறை

சம்மதம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் அக்கா. கிணற்றின் வாய் அகலத்தை இரண்டு பக்கமும் அளந்து போடுங்கள், கைப்பிடிச் சுவர் எவ்வளவு இடிந்திருக்கிறது என்று ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். அளவைவிட ஒரு அடி கூடுதலாக வலையை அடித்துப் பட்டறையில் வைத்துவிடுகிறேன். கம்பிக் காசு மட்டும் கொடுங்கள், கூலி வேண்டாம்.